வீட்டுல காப்பிக்கொட்டை வறுக்கிறவங்க இருக்கீங்களா? வாசத்தையும் சத்தத்தையும் வச்சே பதம் பிடிக்கிறது எப்படி?

சேர்வராயன்:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா வீட்லயே காப்பிக்கொட்டை வறுத்துக்கிட்டு இருக்கேன். ஏற்காட்டுல தோட்டம் வச்சிருக்கிற தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட பச்சைக் கொட்டையா வாங்கினது, எல்லாம் அராபிகா வகை, பழத்தோலை உரிச்சு கழுவி காயவச்சது, பிளான்டேஷன் ஏ (பெரிய சைஸ் தரம்) கொஞ்சம், பீபெரி (உருண்டைக் கொட்டை) கொஞ்சம். மெஷின் எதுவும் கிடையாது. அம்மாவோட அடிகனமான இரும்பு வாணலி, கேஸ் அடுப்பு, மரக்கரண்டி, ஆறவைக்க ஒரு முறம், அவ்ளோதான். ஒரு ஈடுக்கு கால் கிலோ போடுறேன்.

குடிக்கிற சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், வறுக்கிற அந்த பதினஞ்சு நிமிஷம் இருக்கு பாருங்க, அதுக்காகவே ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருக்கு. பச்சைக் கொட்டையை கையில அள்ளினா சில்லுனு கனமா இருக்கு, சாம்பல் கலந்த பச்சை நிறம், மோந்து பாத்தா காப்பின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, காஞ்ச புல்லும் பச்சைப் பட்டாணியும் கலந்த ஒரு வாசம். அது அடுப்புல ஏறின கொஞ்ச நேரத்துல நிறம் மாறுது, வாசம் மாறுது, வாணலியில உருள்ற சத்தம் மாறுது, அவ்ளோ ஏன் கரண்டியில படுற கனம் கூட மாறி கிளர்ற கை லேசாயிடுது. நடுவுல ஒரு கட்டத்துல வீடு பூரா ரொட்டி சுடுற வாசம் வருது, காப்பி வாசமே இல்லை, அந்த இடம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

கேள்வி என்னன்னா, நெட்ல தேடினா எல்லாரும் டெம்பரேச்சர் கிராஃப் போடுறாங்க, 196 டிகிரிக்கு மேல ஃபர்ஸ்ட் க்ராக் (கொட்டை முதல் தடவை வெடிக்கிறது), 224 கிட்ட செகண்ட் க்ராக் (ரெண்டாவது வெடி)னு. வாணலியில தெர்மாமீட்டரை எங்க குத்துறது? எனக்கு மூக்கையும் காதையும் வச்சே பதம் தெரிஞ்சுக்கணும். எந்த வாசம் வந்தா எந்த கட்டம், பால் ஊத்தி குடிக்கிற ஃபில்டர் காப்பிக்கு எங்க நிறுத்தணும்? அப்புறம் பீபெரியும் ஏ-வும் சேர்த்து வறுக்கலாமா, கடைசியில ஒரு ஸ்பூன் நெய் விடணும்னு சிலர் சொல்றாங்களே அது தேவையா? அப்பார்ட்மென்ட்ல இருக்கேன், புகைக்கு என்ன பண்றீங்க அதையும் சொல்லுங்க.

மாசிவீதி:

தம்பி நல்ல கேள்வி கேட்டீங்க. எங்களுக்கு மதுரையில கொட்டை வறுத்து அரைச்சு விக்கிற கடை, அப்பா ஆரம்பிச்சது. மெஷின்ல மீட்டர் இருக்கு, அதை நாங்க பாக்குறதும் உண்டு, ஆனா கொட்டையை இறக்குறது மூக்கை நம்பித்தான். வறுக்கிற உருளையில சின்னதா ஒரு குழா செருகியிருக்கும், அதை உருவி நாலு கொட்டையை எடுத்து மூக்குகிட்ட கொண்டு போயிட்டு திரும்ப உள்ள விடுவோம், கடைசி ரெண்டு நிமிஷத்துல அதைத்தவிர வேற வேலை கிடையாது, போன் அடிச்சாலும் எடுக்க மாட்டோம்.

பச்சைக் கொட்டைக்குள்ள பத்துலேர்ந்து பன்னெண்டு சதவீதம் ஈரம் இருக்கு. முதல் நாலஞ்சு நிமிஷம் அந்த ஈரம்தான் போகும், அப்ப வர்ற வாசம் நனைஞ்ச வைக்கோல் வாசம். ரொம்ப பேர் இதை அவசரப்படுத்தி தீயைக் கூட்டிருவாங்க, வெளிய கருகும் உள்ள பச்சையா நிக்கும். மிதமா வச்சு கை விடாம கிளறுங்க. பச்சை வெளிறி மஞ்சளுக்கு வரும்போது வைக்கோல் வாசம் போயி பொரி வறுக்கிற வாசம் வரும், அடுத்து நீங்க சொன்ன அந்த ரொட்டி வாசம். இங்கதான் கொட்டை மேல ஒட்டியிருக்கிற மெல்லிசு தோல் உரிஞ்சு பறக்க ஆரம்பிக்கும், ஃபேனை போட்டு வச்சிருந்தீங்கன்னா அடுப்படி பூரா சருகா கிடக்கும், அதனால அப்ப ஃபேன் வேணாம்.

மஞ்சள் தவிட்டு நிறமாகும்போது வாசத்துல ஒரு இனிப்பு ஏறும், வெல்லப்பாகு காயுற கட்டம் தெரியும்ல, அந்த ஜாடை. கூடவே மூக்குல லேசா ஒரு புளிப்பு சுருக்குனு ஏறும். அந்த சுருக்கு வந்துச்சுன்னா காதைத் தீட்டிக்கங்க, அடுத்த நிமிஷம் முதல் வெடி. டப்… டப்… டப்டப்னு தனித்தனியா ஆரம்பிச்சு அப்புறம் கூட்டமா வெடிக்கும், நல்ல கனமான சத்தம், அடுத்த ரூமுக்குக் கேக்கும். உள்ள இருக்கிற நீராவியும் வாயுவும் கொட்டையை பிளக்குற சத்தம் அது. அந்த ரெண்டு நிமிஷத்துல கொட்டை கண்ணு முன்னாலயே உப்பும், நடுக்கோடு விரியும், கனம் குறையும். தீயை அங்க கொஞ்சம் இறக்குங்க.

வெடி அடங்கினப்புறம் ஒரு அமைதி வரும். பால் காப்பிக்கு பதம் பிடிக்கிறது அந்த அமைதிக்குள்ளதான். புகை நீலமா ஏறும், புளிப்பு வாசம் போயிரும், நாமெல்லாம் காப்பி வாசம்னு சொல்றோமே அது அப்பத்தான் முழுசா வரும். அடுத்து ரெண்டாவது வெடி, அது முதல் வெடி மாதிரி கிடையாது, எண்ணெயில கடுகு பொரியுற மாதிரி சன்னமா படபடன்னு வரும். எங்க கடை பதம் என்னன்னா அந்த சன்ன சத்தம் அங்கொண்ணு இங்கொண்ணு கேட்ட உடனே இறக்கிரணும். நிறம் அடர்த்தியா இருக்கும், மேல எண்ணெய் மினுக்கக் கூடாது. அதையும் தாண்டி விட்டீங்கன்னா எண்ணெய் வெளிய வந்து கொட்டை பளபளக்கும், பாக்க அழகா இருக்கும், ஆனா தோட்டத்து ருசி போயிரும், எந்த ஊர் கொட்டையா இருந்தாலும் ஒரே கரிக்கசப்புதான்.

இறக்கினதும் வாணலியிலயே விட்டுராதீங்க, இரும்பு சூடு விடாது, வறுபட்டுக்கிட்டே இருக்கும். முறத்துல கொட்டி ஃபேனுக்கு அடியில வச்சு புடைங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துரணும்.

பீபெரியும் ஏ-வும் தனித்தனியா வறுங்க. பழத்துக்குள்ள ரெண்டு பருப்பு வர்ற இடத்துல ஒண்ணே ஒண்ணு உருண்டையா விளைஞ்சா அது பீபெரி, வாணலியில நல்லா உருண்டு ஓடும், எல்லா பக்கமும் சமமா சூடு பிடிக்கும். ஏ ஒரு பக்கம் தட்டையா இருக்கிறதால அந்தப் பக்கமே படிஞ்சு உக்காந்துக்கும், கரண்டியால புரட்டிக்கிட்டே இருக்கணும். சத்தத்துல கூட வித்தியாசம் தெரியும், கிளறிப் பாருங்க, பீபெரி ஓடுற சத்தம் நைஸா இருக்கும். நாங்க ரோபஸ்டாங்கிற இன்னொரு காப்பி வகையை சேர்த்தாலும் தனியா வறுத்துத்தான் பின்னால கலப்போம், அது ஒரு சூட்டுல வறுபடும் இது ஒரு சூட்டுல வறுபடும்.

நெய் வேணாம் தம்பி. விட்ட அன்னைக்கு வாசம் தூக்கும், நாலு நாள் போனா சிக்கு வாடை. அரைக்கிற மெஷின்லயும் பிசுக்கா ஒட்டிக்கும்.

காவேரிக்கரை மாமி:

மாசிவீதிக்காரர் சொன்னது அத்தனையும் சரி. நெய் விஷயத்துல மட்டும் நான் அவரோட சண்டை போடுவேன், எங்க பாட்டி கடைசியில ஒரு சொட்டு விடுவா, ஆனா எங்காத்துல வறுத்தது ரெண்டு மூணு நாளைக்கு மேல தங்காது, சிக்கு வாடை வர்றதுக்கு அதுக்கு ஏது நேரம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துல கிராமம். கரி அடுப்பு மேல வைக்கிற இரும்பு உருளை ஒண்ணு இருந்துது, பக்கவாட்டுல கைப்பிடி, நடுவுல கொட்டை போட்டு எடுக்க சின்னதா ஒரு கதவு, அதுக்கு ஒரு கொக்கி. வாணலியில வறுக்கிறவாளுக்கு கண்ணு உதவும், உருளையில மூடி வச்சு சுத்தறச்சே ஒண்ணும் தெரியாது, காதும் மூக்கும்தான். அதனால நீங்க கேக்கறது புதுசா ஒண்ணும் இல்லை தம்பி, அந்தக் காலத்துல பொம்மனாட்டிகள் எல்லாம் அப்படித்தான் வறுத்தா. ஆரம்பத்துல உருளைக்குள்ள கொட்டை கலகலன்னு ஒலிக்கும். உள்ள உப்ப உப்ப அந்த ஒலி மொத்தையாப் போயி சரசரன்னு ஆகும், கைப்பிடி லகுவா சுத்தும். அதைக் கேட்டே பாட்டி கூடத்துலேர்ந்து "போறும்டி, இறக்கு" அப்படின்னு குரல் கொடுப்பா.

பதம் பாக்க நான் இன்னிக்கும் பண்றது ஒண்ணு உண்டு. ஆறின கொட்டை ஒண்ணை எடுத்து பல்லுல கடிக்கணும். நன்னா வறுபட்டிருந்தா படக்னு ரெண்டா உடையும், உள்ளே வெளியே ஒரே நிறமா இருக்கும். பதம் போறலைன்னா பல்லுக்கு வளைஞ்சு ரப்பரா இருக்கும், நாக்குல புல்லு ருசி நிக்கும். கருகியிருந்தா தொட்டதும் பொடிஞ்சுடும். அந்தக் கொட்டையை துப்பிடாம அப்படியே மென்னு பாருங்கோ, முதல்ல கசப்பு, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா இனிப்பு, முழுங்கினப்பறம் மூக்கு வழியா மேல ஒரு வாசனை வரும் பாருங்கோ, அதுக்கு ஈடு டம்ளர்ல கூட கிடையாது.

அரைக்கிறதையும் யாராவது சொல்லணும். மேஜை ஓரத்துல திருகி மாட்டற கைமெஷின் இருந்தா வாங்கி வச்சுக்கோங்கோ. கொட்டை நொறுங்கற அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறும், டிராயரை இழுத்தா பொடி வெதுவெதுன்னு இருக்கும், அந்த நிமிஷம் வர்ற வாசனை வறுக்கறப்போ வந்ததோட சேராது, அது வேற. வறுக்கறச்சே வர்ற வாசனையில புகை பாதி. பொடியில புகை கிடையாது, வெறும் காப்பி.

வேதிவாசம்:

சேர்வராயன், நானு கோயமுத்தூருங்க, ஃபுட் கெமிஸ்ட்ரி படிச்சவன். நீங்க மோந்து பாத்து சொன்ன ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ள ஒரு வேலை நடக்குதுங்க, அதை தெரிஞ்சுக்கிட்டா மூக்கு இன்னும் நல்லா கேக்கும்.

பச்சைக் கொட்டையில சர்க்கரை இருக்குங்க, அராபிகாவுல சுமார் 6லேர்ந்து 9 சதவீதம், ரோபஸ்டாவுல அதைவிட நல்லாவே கம்மி. கூட புரோட்டீன் இருக்கு. ஈரம் போயி சூடு 140, 150 டிகிரியைத் தாண்டுச்சுன்னா சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து வேலையை ஆரம்பிக்கும், மெய்லார்ட் ரியாக்ஷன்னு சொல்லுவாங்க. ரொட்டி ஓரம் சிவக்கிறதும், நெய்யில முந்திரி சிவக்கிறதும், முறுகல் தோசை மணக்கிறதும் எல்லாம் அதேதானுங்க. அதனால நடுக்கட்டத்துல உங்களுக்கு ரொட்டி வாசம் வந்தது மனப்பிரமை இல்லை, ரெண்டு இடத்துலயும் ஒரே வகை வாசப் பொருள்தான் உண்டாகுது. அதுக்கு மேல போனா சர்க்கரையே உடைஞ்சு பாகு வாசம் வரும். ரோபஸ்டாவை வறுத்தா அந்த இனிப்பு வாசம் கம்மியா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம், பக்கத்துல பக்கத்துல வறுத்து மோந்து பாருங்க தெரியும்.

காப்பிக்கே உரிய அந்த வாசம் இருக்குதுங்களே, அதுல முக்கியமான ஒண்ணு 2-ஃபர்ஃப்யூரில்தயால்னு ஒரு கந்தகப் பொருள். 1920கள்ல ரைக்ஸ்டைன், ஸ்டாடிங்கர்னு ரெண்டு பேர் காப்பி வாசத்தைப் பிரிச்சு ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேருமே பின்னால வேற வேற வேலைக்கு நோபல் வாங்கினவங்க, ரைக்ஸ்டைனுக்கு 1950ல மருத்துவத்துக்கு, ஸ்டாடிங்கருக்கு 1953ல வேதியியலுக்கு. அந்தப் பொருள் துளியூண்டு காத்துல கலந்தாலே போதும், வறுத்த காப்பின்னு மூக்கு சொல்லிரும். அதுவே அளவு கூடிப்போச்சுன்னா நாத்தமா அடிக்கும். இது ஒண்ணு மட்டும் இல்லைங்க, வறுத்த கொட்டையில ஆவியா கிளம்புற வாசப் பொருள் 800க்கும் மேல கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. அத்தனையும் உங்க அடுப்படியில கால் மணி நேரத்துல உண்டாகுதுன்னு நினைச்சுப் பாருங்க, எனக்கு இன்னைக்கும் அது ஆச்சரியமாத்தான் இருக்குது.

எடை பத்தி யாரும் சொல்லலீங்க. கால் கிலோ போட்டீங்கன்னா இறக்கும்போது 210 கிராம் கிட்ட நிக்கும், கொஞ்சம் கருப்பா விட்டா இன்னும் குறையும். எடை இறங்குது, பருமன் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கா ஏறுது, கரண்டி லேசாச்சுன்னு நீங்க சொன்னது அதுதான். சமையல் தராசு இருந்தா ஒவ்வொரு ஈடும் முன்னாலயும் பின்னாலயும் நிறுத்து எழுதி வைங்க, தெர்மாமீட்டர் இல்லாத குறையை அது பாதி தீத்துரும்.

இன்னொண்ணு, மூக்கு சீக்கிரம் பழகிரும். பத்து நிமிஷம் அங்கயே நின்னீங்கன்னா வாசம் மாறுறது சரியா தெரியாது. முதல் வெடிக்கு முன்னால ஒரு அஞ்சு செகண்டு கரண்டியை வீட்டுல இருக்கிற யார்கிட்டயாவது கொடுத்துட்டு பால்கனியில போயி ஒரு மூச்சு இழுத்துட்டு உள்ள வாங்க, புளிப்பு வாசம் பளிச்சுனு தெரியும்.

பெங்களூர் பிளாக்:

எல்லாரும் பெரியவங்க, மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. ஏற்காட்டு அராபிகாவை நல்ல தோட்டத்துல இருந்து பச்சையா வாங்கி அதை ரெண்டாவது வெடி வரைக்கும் கொண்டு போறது எனக்கு மனசு கேக்கல. நான் பால் இல்லாம குடிக்கிற ஆள். முதல் வெடி அடங்கி ஒரு நிமிஷத்துக்குள்ள இறக்கிருவேன், நிறம் இலவங்கப்பட்டைக்கு கொஞ்சம் மேல இருக்கும். அப்ப கொட்டையை மோந்தா பழ வாசம் வரும், சில லாட்ல ஆரஞ்சுத்தோல் வாசம் வரும், மலையில எவ்ளோ உயரத்துல விளைஞ்சது எப்படி காயவச்சாங்க எல்லாம் அதுல தெரியும். ரெண்டாவது வெடிகிட்ட போனா அந்த அமிலமெல்லாம் உடைஞ்சு வறுத்த ருசிதான் முன்னால நிக்கும். சேர்வராயன், ஒரே கொட்டையை பாதி பாதியா பிரிச்சு ரெண்டு இடத்துலயும் இறக்கி பக்கத்துல பக்கத்துல வச்சு மோந்து பாருங்க, குடிக்கிறது அப்புறம். நம்ம பக்கம் எஸ் 795 நிறைய தோட்டத்துல இருக்கு, கர்நாடகாவுல பாலெஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கின பழைய அராபிகா ரகம், அதை லைட்டா வறுத்தா நல்லா பேசும்.

பொடி பண்ணி வெந்நீர் ஊத்தும்போது புதுக் கொட்டை உப்பி நுரைக்கிறதை கண்ணாடி பாத்திரத்துல பாக்கணும், எனக்கு அதுவும் வறுக்கிறதுல சேர்ந்ததுதான்.

மாசிவீதி:

பெங்களூர் தம்பி சொல்றது கருப்பா குடிக்கிறவங்களுக்கு சரி. பால் ஊத்தினா அந்த பழ வாசம் நிக்காது, புளிப்பு மட்டும் நின்னு பால் திரிஞ்ச மாதிரி ஒரு நினைப்பு வரும். எருமைப்பால் ஊத்தி திக்கா குடிக்கிற ஊருக்கு கொட்டையில கொஞ்சம் கசப்பும் கனமும் வேணும், எங்க கடைக்கு வர்றவங்க சிக்கரி கேக்குறதும் அந்த கனத்துக்காகத்தான். குஜராத்துல இருந்து வர்ற சிக்கரி வேரை வறுக்கிற வாசம் மோந்துருக்கீங்களா யாராவது? காப்பி வாசமே கிடையாது, முழுக்க முழுக்க காய்ச்சின பாகு வாசம், அது வறுக்கிற அன்னைக்கு தெருவுல போற பிள்ளைங்க எல்லாம் நின்னு எட்டிப்பாக்கும்.

ஆனா பாதி பாதியா பிரிச்சுப் பாக்கச் சொன்னது நல்ல யோசனை, அதை நான் ஒத்துக்கிறேன்.

பொருநை வாத்தியார்:

இந்தத் திரியில ஒரு முக்கியமான ஊரை யாரும் சொல்லலை. நான் எத்தியோப்பியாவுல ஜிம்மாவுல கொஞ்ச வருஷம் பாடம் எடுத்தவன், நம்ம ஊர் வாத்தியார்மாரு நிறைய பேர் அங்க போயிருக்காங்க. காப்பிச் செடி காட்டுல தானா வளர்ற நாடு அது, அங்க வறுக்கிறதை விருந்தாளி முன்னாலதான் செய்வாங்க. ஒரு வீட்டுக்கு காப்பிக்கு கூப்பிட்டாங்கன்னா ரெண்டு மணி நேரத்தை ஒதுக்கி வச்சுட்டுத்தான் போகணும்.

தரையில பச்சைப் புல்லைப் பரப்பி, ஒரு மூலையில சாம்பிராணி போட்டு, வீட்டு அம்மா முக்காலியில உக்காந்து பச்சைக் கொட்டையை தண்ணியில அலசி தட்டையான இரும்புத் தட்டுல போட்டு கரி அடுப்புல வறுப்பாங்க. யாரும் கடிகாரத்தைப் பாக்க மாட்டாங்க, பேச்சு பாட்டுக்கு நடக்கும், கை பாட்டுக்கு கிளறும். கொட்டை கறுத்து புகை கிளம்பினதும் அந்தத் தட்டை அப்படியே தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தர் முன்னாலயும் கொண்டு வருவாங்க. நாம கையால அந்தப் புகையை முகத்துக்கு இழுத்து மோந்து நல்லா இருக்குன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் உரல்ல போட்டு இடிக்கிறது, ஜெபெனாங்கிற மண் குடுவையில கொதிக்க வைக்கிறது, காது இல்லாத சின்ன கிண்ணத்துல ஊத்திக் கொடுக்குறது. மூணு சுத்து வரும், அபோல், தோனா, பெரெக்கா. அதே பொடியில மறுபடி மறுபடி தண்ணி ஊத்துறதால ஒவ்வொண்ணும் முந்தினதை விட லேசா இருக்கும், மூணாவதைக் குடிக்காம எந்திரிச்சா மரியாதை இல்லை. கூட கொறிக்க சோளப்பொரி.

வறுத்த வாசத்தை குடிக்கிறதுக்கு முன்னால ஒரு தனிப் பந்தியா பரிமாறுறாங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. சேர்வராயன் சார், அடுத்த தடவை வறுக்கிறப்ப முறத்துல கொட்டின உடனே அதை கூடத்துக்கு எடுத்துட்டுப் போயி எல்லார் மூக்குக்கும் கிட்ட காட்டுங்க, எங்க வீட்டுல இப்ப அப்படித்தான், பேரப்பிள்ளைங்க வரிசையில நிக்குதுங்க.

சேர்வராயன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கல. நேத்து ராத்திரி பீபெரியை மட்டும் தனியா போட்டேன். மாசிவீதி அண்ணே, நீங்க சொன்ன அந்த சுருக்குனு ஏர்ற புளிப்பு வாசத்தைப் பிடிச்சுட்டேன். இத்தனை நாள் அது புகைன்னே நினைச்சிருந்தேன், இப்ப தனியா தெரியுது, சரியா அது வந்து கொஞ்ச நேரத்துல முதல் டப். வெடி அடங்கின அமைதியில பால்கனி கதவைத் திறந்து வச்சுட்டு கிளறிக்கிட்டே கேட்டேன், அந்த சன்ன சத்தம் ஒண்ணு ரெண்டு வந்ததும் முறத்துல கொட்டிட்டேன். தராசுல பாத்தா 250க்கு 209. வேதிவாசம் சொன்ன கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வந்துச்சு. மாமி சொன்ன மாதிரி கடிச்சேன், படக்னு உடைஞ்சுச்சு, உள்ள வெளிய ஒரே நிறம். முறத்தை கூடத்துக்கு கொண்டு போனேன், டிவி பாத்துட்டு இருந்த அப்பா ரிமோட்டை கீழ வச்சுட்டு ரெண்டு தடவை மோந்து பாத்தாரு.

ஏ கொட்டையை பாதி லைட்டா பாதி டார்க்கா இந்த ஞாயித்துக்கிழமை போடுறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். வறுத்த உடனே அரைச்சு டிகாக்ஷன் போடலாமா இல்லை வைக்கணுமா? தோட்டக்காரர் இந்த சீசன் கொட்டை இன்னும் பத்து கிலோ தர்றேங்கிறார், பச்சையா எவ்ளோ நாள் வச்சிருக்கலாம்?

வேதிவாசம்:

முதல் கேள்விக்கு நான் சொல்றேனுங்க. வறுத்த கொட்டைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு நிறைய அடைஞ்சிருக்கும், முதல் நாள்ல ரொம்ப வேகமா வெளிய வரும். உடனே போட்டீங்கன்னா ஃபில்டர்ல பொடி உப்பி மேல வந்து வெந்நீர் சீரா இறங்காது, ருசியும் கொஞ்சம் முரடா இருக்கும். ஒரு நாளாவது விடுங்க, ரெண்டு மூணு நாள் விட்டா இன்னும் நல்லது. நல்லா ஆறினப்புறம் டப்பாவுல போட்டு முதல் நாள் மூடியை ரொம்ப இறுக்காம வைங்க, அப்புறம் இறுக்கிக்கலாம். வச்ச டப்பாவை மறுநாள் காலையில திறந்து மூக்கை வச்சுப் பாருங்க, புகை வாசம் அடங்கி இனிப்பு மேல வந்திருக்கும். கொட்டையாவே வச்சு அன்னன்னைக்கு வேணுங்கிறதை மட்டும் அரைங்க, பொடியா பண்ணிட்டா வாசம் சீக்கிரம் ஓடிரும்.

காவேரிக்கரை மாமி:

வெந்நீர் இறங்கலைன்னா ஃபில்டர்ல பொடியை ரொம்ப அமுக்கிட்டோம்னு நினைச்சுக்காதீங்கோ, புதுக் கொட்டைன்னா அப்படித்தான் பொங்கும். முதல்ல பொடி நனையற அளவு வெந்நீர் விட்டு சித்த நாழி விட்டுட்டு மீதியை ஊத்துங்கோ, சமத்தா இறங்கிடும்.

மாசிவீதி:

புகை பத்தி கேட்டதுக்கு இன்னும் யாரும் நேரா பதில் சொல்லலை. முதல் வெடிக்கு முன்னால வர்றது பெரும்பாலும் ஆவிதான், அது ஒண்ணும் பண்ணாது. புகை கனமா வர்றது கடைசி ரெண்டு மூணு நிமிஷம். எக்ஸாஸ்ட் ஃபேனை முதல் வெடி கேட்ட உடனே போடுங்க, சருகை அப்பப்ப ஊதி விடுங்க, அது அடியில தங்கி கருகித்தான் பாதி புகை வரும். காலையில வறுத்தா பக்கத்து வீட்டுக்காரங்க கோவிக்க மாட்டாங்க, அந்நேரம் எல்லாருக்கும் காப்பி வாசம் வேண்டித்தான் இருக்கு.

பத்து கிலோவை தாராளமா வாங்குங்க. அராபிகா அறுவடை நவம்பர் டிசம்பர்ல ஆரம்பிச்சு தை மாசி வரைக்கும் ஓடும், அடுத்த சீசன் வரைக்கும் பச்சைக் கொட்டை தாங்கும். பிளாஸ்டிக் கவர்ல கட்டிப் போடாதீங்க, துணிப்பையோ சாக்கோ போதும், தரையில வைக்காம பலகை மேல வைங்க, மசாலா சாமான் பக்கத்துல வேணாம், கொட்டை வாடையை சட்டுனு இழுத்துக்கும். மழைக்காலத்துல மட்டும் அப்பப்ப கையை விட்டு அளைஞ்சு பாருங்க, கலகலன்னு ஓடினா நல்லா இருக்குன்னு அர்த்தம், பிசுபிசுன்னு ஒட்டினாலோ பச்சை வெளுத்து புழுங்கின வாடை வந்தாலோ அந்த மூட்டையை முதல்ல வறுத்து தீத்துருங்க. ஞாயித்துக்கிழமை ஏ கொட்டை எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க தம்பி.